ஆறாம் சுற்றில் மருமகன்

ஸ்டாவ்லி, வடக்கு டகோட்டா
8 நவம்பர் 1987

அன்புள்ள அண்ணன் ப்ரூனோவுக்கு, தங்கை லாட்டி எழுதுவது.

இங்கே மூன்று பேரும் உயிரோடும் பசியோடும் இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? முப்பத்தெட்டு வருடம் கண்ணாடி உலை முன்னால் நின்ற கால் அது. படியேறும்போது கம்பியைப் பிடித்துக்கொள், அதனால் உன் ஆண்மை ஒன்றும் குறைந்துவிடாது.

விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை என் பிள்ளை வெண்டல் கல்லூரிக்காக ஆடுவதைப் பார்க்க இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தெற்கே எங்கேயோ ஓர் அணியிலிருந்து. இன்னொருவர் யார் என்று நினைக்கிறாய்? நம் டொலீடோ கிளாஸ்மென் அணி அனுப்பிய ஆள். ஆட்டம் முடிந்ததும் பிள்ளையை ஓடச் சொன்னார்கள், குனியச் சொன்னார்கள், கையை அளந்தார்கள். சந்தையில் மாடு பார்ப்பது போலத்தான், பல்லைப் பிடித்துப் பார்க்காத குறை. ஆர்விட் வேலி ஓரமாக நின்றுகொண்டு, "காலே படாத ஆட்டத்துக்குக் கால்பந்துன்னு பேரு, இதுக்கு ரெண்டு பேரு வேற விமானத்துல வரான்" என்று முணுமுணுத்தார். ஆனால் அன்று முழுக்க அவர் தொப்பியைக் கழற்றவேயில்லை. என் வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டால் அப்படித்தான்.

ஏப்ரலில் டிராஃப்ட் என்று இருபத்தெட்டு அணிகளும் முறை வைத்துக் கல்லூரிப் பிள்ளைகளைப் பொறுக்கும்போது, பன்னிரண்டு சுற்றில் ஏதாவது ஒன்றில் இவன் பெயரைக் கூப்பிட்டுவிட மாட்டார்களா? நம் அணி யார் யாரை எடுக்கும் என்று நீ வருடா வருடம் பட்டியல் போட்டுப் பங்குக் கோயில் மண்டபத்துச் சுவரில் ஒட்டுகிறாயே, அதில் இந்த வருடம் வெண்டல் பெயர் இருக்க வேண்டும். தாய்மாமனே எழுதாத பெயரை வேறு எவன் எழுதுவான்?

நன்றியறிதல் விருந்துக்கு இந்த முறையாவது வந்துவிடு. பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வரலாம்.

உன் முழங்காலுக்காகவும் செபிக்கும்,
லாட்டி


டொலீடோ, ஒஹையோ
15 நவம்பர் 1987

பாசமுள்ள தங்கை லாட்டிக்கு, ப்ரூனோ எழுதிக்கொள்வது.

முழங்கால் தன் பாட்டுக்கு இருக்கிறது, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன். ஆர்விட்டுக்கு என் வணக்கத்தைச் சொல்.

வருகிறேன். பஸ்ஸுக்குச் சொல்லியாயிற்று. ஆனால் பட்டியல் விஷயத்தில் சிபாரிசு எடுபடாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பங்குத்தந்தையே தன் அக்கா மகனுக்காகக் கேட்டு, நான் முடியாது என்ற ஆள். இருபத்திரண்டு வருடப் பட்டியல் அம்மா. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'நல்லது' என்று ஒரு கட்டம், 'கெட்டது' என்று ஒரு கட்டம். கெட்டது இல்லாத மனிதனைக் கடவுள் இன்னும் படைக்கவில்லை, அதனால் அந்தக் கட்டம் ஒருநாளும் காலியாக இருக்காது. எழுபத்தொன்றில் ஒரே ஒருவனுக்குக் காலியாக விட்டேன். அவன் முதல் மாதமே ஓடிப்போனான். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மண்டபத்தில் மீன் சாப்பிட வருகிறவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

வருடந்தோறும் ஒரு நகலை அணி அலுவலகத்துக்கும் அனுப்புகிறேன். இதுவரை ஒரு வரி பதில் இல்லை. அவர்கள் படிப்பதில்லை என்பதற்காக நான் கவனமில்லாமல் எழுத முடியுமா?

வெண்டல் ஆடிய படச்சுருள்களை எடுத்து வைக்கச் சொல். பார்த்துவிட்டுச் சொல்கிறேன். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. நான் காக்கையின் அண்ணன், எனக்கு இரண்டு கண்ணும் தெரியும்.

உன் கையால் வான்கோழி தின்னக் காத்திருக்கும்,
ப்ரூனோ


கல்லூரி விடுதி
3 டிசம்பர் 1987

மாமாவுக்கு, வெண்டல்.

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? நான் சுகம். அப்படித்தான் எழுத வேண்டும் இல்லையா?

விருந்தன்று கொட்டகையில் நீங்கள் கேட்டதற்கு நான் பாதிதான் சொன்னேன். குழம்புக் கிண்ணத்தை நான் போட்டு உடைத்தபோது அம்மா, "அப்பா மாதிரியே கையில எதுவும் நிக்காது" என்று சிரித்தார்களே, நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

செப்டம்பரில் ஓர் ஆட்டம். எதிரில் வந்தவன் தலைக்கவசமும் என் தலைக்கவசமும் நேருக்கு நேர் இடித்தன. இரண்டு தோளிலிருந்தும் விரல் நுனி வரை கரண்ட் அடித்த மாதிரி. வலது கை உடனே சரியாகிவிட்டது. இடது கை கொஞ்ச நேரம் என்னுடையதாகவே இல்லை. அதற்குப் பிறகு நான்கு தடவை வந்துவிட்டது. இப்போதெல்லாம் இடிக்காமலே வருகிறது. குளிர் நாளில் சட்டைப் பொத்தான் போட முடிவதில்லை.

டாக்டரிடம் போனால் ஆடாதே என்பார். இன்னும் ஐந்து மாதம்தான் மாமா. ஒருமுறை என் பெயரைக் கூப்பிட்டுவிட்டால் போதும், பிறகு பார்த்துக்கொள்கிறேன். அம்மாவிடம் சொல்ல மாட்டேன் என்று வார்த்தை கொடுத்திருக்கிறீர்கள்.

உங்கள் மருமகன்,
வெண்டல்


டொலீடோ
12 டிசம்பர் 1987

அன்பு மருமகனுக்கு, மாமா.

நான் சுகமில்லை. உன் கடிதத்தை மறுபடி மறுபடி எடுத்துப் படிக்கிறேன்.

சுருள்கள் அத்தனையும் பார்த்தேன். உன் கால் வேகத்தை நான் இதுவரை எந்தத் தடுப்பாட்டக்காரனிடமும் பார்த்ததில்லை. அதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. அதே சுருளில், அக்டோபர் ஆட்டத்தில், ஓர் இடி முடிந்து நீ எழுந்து இடது கையை உதறிக்கொண்டே நடக்கிறாய். அந்த இடத்தை எத்தனை தடவை திருப்பிப் போட்டேன் என்று கேட்காதே.

கொடுத்த வார்த்தை கொடுத்ததுதான், உன் அம்மாவிடம் சொல்ல மாட்டேன். ஆனால் ஜனவரி முடிவதற்குள் நீ டாக்டரிடம் கழுத்தைக் காட்ட வேண்டும். கையில் கோளாறு என்றால் கழுத்தைத்தான் பார்ப்பார்கள். எங்கள் உலையில் ஒருத்தன் ஏணியிலிருந்து விழுந்தான், அவனுக்கும் முதலில் விரல்தான் மரத்தது. அவனுக்கு இப்போது அவன் மனைவிதான் சோறு ஊட்டுகிறாள். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. பயந்துபோய் எழுதுகிறேன்.

பதில் போடு.

மாமா


ஸ்டாவ்லி
10 ஜனவரி 1988

அன்புள்ள அண்ணனுக்கு, லாட்டி.

இங்கே பனி சன்னல் வரை ஏறிவிட்டது. ஆர்விட்டுக்கு இருமல். மற்றபடி குறையில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே எனக்குப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் நீ சரியில்லை.

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில், "வெண்டல் சட்டை போடும்போது கவனித்தாயா?" என்று எழுதியிருக்கிறாய். இருபத்திரண்டு வயசுப் பிள்ளை சட்டை போடுவதைப் பெற்றவள் கவனிப்பாளா? போன வாரம் தொலைபேசியில் வானிலை பேசினாய், ஆர்விட்டின் டிராக்டர் பற்றிப் பேசினாய், கடைசியில் வைக்கும்போது, "அவன் எதையாவது கீழே போடுறானா லாட்டி?" என்றாய். ஏன் கேட்கிறாய் என்றால் சும்மாதான் என்றாய். நீ சும்மா கேட்கிற ஆளா?

அப்போதிலிருந்து நான் பார்க்கிறேன். அவன் ஞாயிற்றுக்கிழமை வரும்போது இடது கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டே சாப்பிடுகிறான். ரொட்டியில் வெண்ணெய் தடவித் தரட்டுமா என்றால் எரிந்து விழுகிறான். கேட்டால் பளு தூக்கிச் சுளுக்கு என்கிறான். சுளுக்குதானா அண்ணா?

பட்டியல் எப்படிப் போகிறது? அவன் பெயர் உண்டா இல்லையா என்றாவது சொல்.

பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
லாட்டி


டொலீடோ
31 ஜனவரி 1988

பாசமுள்ள லாட்டிக்கு, ப்ரூனோ.

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும், தட்டச்சு இயந்திரத்தில் நாடா தீர்ந்துவிட்டது. ஆர்விட்டின் இருமலுக்குத் தேனில் வெங்காயம் ஊறவைத்துக் கொடு, நம் அம்மா செய்வாளே. இங்கே ஆறு உறைந்துவிட்டது. பங்கு மண்டபத்துக் கூரை ஒழுகுகிறது, அதற்கு ஒரு குழு போட்டிருக்கிறார்கள், அந்தக் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். கூரையைவிடக் குழுவில்தான் ஒழுகல் அதிகம்.

பட்டியல் மெதுவாகப் போகிறது. முதல் ஐந்து சுற்று முடிந்தது. ஆறாவதில் நிற்கிறேன்.

சுளுக்கு பற்றிக் கேட்டிருந்தாய். வெண்டலை ஒரு டாக்டரிடம் போகச் சொல். பெரிய விஷயம் என்று சொல்லவில்லை, போகச் சொல் என்றுதான் சொல்கிறேன்.

அண்ணன்


கல்லூரி விடுதி
21 பிப்ரவரி 1988

மாமாவுக்கு, வெண்டல்.

சுகமா? அம்மா என்னை டாக்டரிடம் போகச் சொல்லி நச்சரிக்கிறார்கள். நீங்கள் ஏதாவது சொன்னீர்களா? சத்தியமாகச் சொல்லவில்லை என்று எழுதுங்கள்.

போகவில்லை. ஆனால் ஒரு நல்ல செய்தி. கிளாஸ்மென் ஆள் மறுபடி வந்தார், இந்த முறை ஒரு டாக்டரையும் கூட்டிக்கொண்டு. டாக்டர் வரிசையாக எட்டுப் பேரைப் பார்த்தார். என் முறை வந்தபோது அவருக்கு மதியச் சாப்பாட்டு நேரம். விரலை நீட்டி, இறுக்கிப் பிடி என்றார். வலது கையால் பிடித்தேன். அடுத்த கை என்றபடி தாளில் எழுதக் குனிந்தார். மறுபடியும் வலது கையையே கொடுத்தேன். பலமான பிடி என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். விடுதிக்கு வந்து பையன்களிடம் சொல்லிச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

பட்டியலில் என் பெயரைப் போடப் போகிறீர்கள் என்று அம்மா நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கெட்டது கட்டத்தில் ஏதாவது எழுதித்தானே ஆக வேண்டும்? "கால் மெதுவு" என்று போட்டுவிடுங்கள். பொய்தான், ஆனால் யாருக்கும் கெடுதல் இல்லாத பொய். மண்டபத்தில் மீன் தின்கிறவர்களுக்கு எது எழுதினால் என்ன?

வெண்டல்


டொலீடோ
20 மார்ச் 1988

பாசமுள்ள லாட்டிக்கு, ப்ரூனோ எழுதுவது. ஆர்விட்டின் இருமல் நின்றதில் சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை பட்டியலை ஒட்டிவிட்டேன். நல்ல கூட்டம். முந்நூறு பேர் சாப்பிட்டார்கள், ஏரி மீன் தீர்ந்துபோய்க் கடைசி வரிசைக்கு உருளைக்கிழங்கு மட்டும்தான். முதல் சுற்றுக்கு நான் எழுதியிருந்த பெயரைப் பார்த்து, போதையில் எழுதினாயா என்று கேட்டார்கள். அது வழக்கம்தான். ஆறாம் சுற்றுக்கு வந்ததும் பக்கத்தில் போய்க் குனிந்து படித்தார்கள். வெண்டல் சுண்ட்பி, வடக்கு டகோட்டா, இடது ஓரத் தடுப்பாட்டம். அது என் தங்கை மகன் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் கேலி செய்யவில்லை.

நீ ஆசைப்பட்டாயே என்று ஒரு நகல் இத்துடன் வைத்திருக்கிறேன். உறைக்குத் தாள் அகலமாக இருந்ததால் வலது ஓரத்தைக் கத்தரித்துவிட்டேன். பெயர்களும் நல்லதும் அப்படியே இருக்கின்றன. மற்றது முக்கியமில்லை.

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள் முன்கூட்டியே.

அண்ணன்


ஸ்டாவ்லி
2 ஏப்ரல் 1988

ப்ரூனோவுக்கு,

நலம் விசாரிக்க இன்றைக்கு எனக்கு மனமில்லை.

போன வாரம் கிளாஸ்மென் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. சந்தோஷத்தில் ஆர்விட்டைக் கூவிக் கூப்பிட்டேன். அந்த மனிதர் மிகவும் மரியாதையாக, "உங்க பையனோட இடது கை மரத்துப் போறது எத்தனை நாளா இருக்குங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். பெற்றவள் நான், எனக்குத் தெரியாது என்றேன். உங்கள் அண்ணன் எழுதிய பட்டியலில் இருக்கிறதே என்றார்.

அவர்களே ஃபார்கோவில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து வெண்டலின் கழுத்தைப் படம் எடுக்கச் சொன்னார்கள். பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் போனோம். எலும்புக்குள் நரம்புத்தண்டு போகிற வழி பிறவியிலேயே குறுகலாக இருக்கிறதாம். சாதாரண மனிதனுக்கு அதனால் ஒன்றுமில்லை, நூறு வயசு வாழலாம். இவன் ஆட்டத்துக்கு மட்டும் அது ஆகாது. தலை குனிந்து இன்னும் ஒரு மோசமான இடி வாங்கினால் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாமல் போகலாம் என்று டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தார். கிளாஸ்மென் தங்கள் பட்டியலிலிருந்து இவன் பெயரை அடித்துவிட்டது.

மற்ற அணிகளுக்கு இது தெரியாது. அதுதான் இப்போது என் பயம். ஆடக்கூடாது என்று சட்டமில்லை, டாக்டர் புத்திமதிதான் சொல்ல முடியும். படத்தைக் கண்ணால் பார்த்த பிறகும் இவன் விடியற்காலையில் ஓடுகிறான். வேறு எந்த அணியாவது கூப்பிட்டால் போவாயா என்று ஆர்விட் கேட்டார். எழுந்து வெளியே போய்விட்டான். ஆர்விட் தட்டைத் தள்ளிவிட்டு டிராக்டர் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கேட்டிருக்கிறேன். நீ கத்தரிக்கோலை எடுத்து ஓரத்தை வெட்டி எனக்கு அனுப்பியிருக்கிறாய். என் பிள்ளையின் கை மரத்துப்போனது முந்நூறு பேருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்ல வாய் வராமல் சுவருக்குச் சொன்னாயா?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கிளாஸ்மென் சட்டை துணிகளைத் துவைக்கிற ஃபீலிக்ஸ்தான் உன் தாளைப் பிய்த்துக்கொண்டு போய் அங்கே கொடுத்தானாம். அந்த ஃபீலிக்ஸ் ஒவ்வொரு வெள்ளியும் உன் பக்கத்தில் உட்கார்ந்துதானே மீன் தின்கிறான்? அவன் படிப்பான் என்று உனக்குத் தெரியாதா?

லாட்டி


டொலீடோ
9 ஏப்ரல் 1988

என் தங்கை லாட்டிக்கு,

நீ என்ன திட்டினாலும் தகும். ஆர்விட்டிடம் என் முகத்தைக் காட்ட எனக்குத் தைரியமில்லை என்று சொல்.

அவன் என்னிடம் வார்த்தை வாங்கியிருந்தான். அதை மீறக்கூடாது என்று நினைத்தேன். பட்டியலைத் தட்டச்சு அடிக்க உட்கார்ந்தபோது 'கால் மெதுவு' என்று போடத்தான் நினைத்தேன். அவன் கால் மெதுவு இல்லை லாட்டி. அந்தக் கட்டத்தில் இருபத்திரண்டு வருடமாக நான் ஒரு பொய்யும் அடித்ததில்லை. இருந்த உண்மை ஒன்றுதான், அதைப் போட்டேன். 'இடது கை மரத்துப் போகிறது. கழுத்தைப் பார்க்க வேண்டும்.' இவ்வளவுதான் எழுதினேன்.

இத்தனை வருடத்தில் அணிக்காரன் ஒருத்தனாவது என் பட்டியலை மதித்ததுண்டா? இந்த வருடம் நான் அவர்களுக்கு நகல்கூட அனுப்பவில்லை. இது வெறும் சுவரில் இருக்கிற தாள், ஈஸ்டர் முடிந்ததும் கிழித்துப் போடுவார்கள் என்றுதான் நினைத்தேன். இந்த ஒரு தடவை பார்த்துப் படித்துவிட்டார்கள்.

வெண்டலுக்கு மூன்று கடிதம் போட்டேன், பதிலில்லை. அவன் இன்னும் ஓடுகிறானா? யாராவது கூப்பிட்டார்களா? அவன் பெயரைக் கூப்பிட்டுவிடக் கூடாது என்று செபமாலை சொல்கிறேன். மருமகன் தோற்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்கிற மாமன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ப்ரூனோ


ஸ்டாவ்லி
17 ஏப்ரல் 1988

ப்ரூனோவுக்கு,

இங்கே சுகம். ஆர்விட் விதைப்புக்குத் தயாராகிறார்.

நான் கேட்டது ஃபீலிக்ஸைப் பற்றி. நீ இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், அதில் அந்தப் பெயரே இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை டிராஃப்ட் தொடங்குகிறது. யாரும் கூப்பிடவில்லை. வெண்டல் நேற்று முடி வெட்டிக்கொண்டு வந்தான். யாராவது படம் பிடிக்க வந்தால் பார்க்க நன்றாக இருக்க வேண்டுமே என்றான். எனக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை.

லாட்டி


ஸ்டாவ்லி
27 ஏப்ரல் 1988

அன்புள்ள அண்ணனுக்கு, உன் தங்கை லாட்டி எழுதுவது.

முழங்கால் எப்படி? போன கடிதங்களில் கேட்காமல் விட்டேன். இரண்டையும் சேர்த்து இப்போது கேட்கிறேன்.

ஞாயிறும் திங்களும் எப்படிப் போயின என்று சொல்ல என்னால் முடியாது. கூடத்தில் தொலைபேசிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு வெண்டல் உட்கார்ந்திருந்தான். ரேடியோவில் பெயர் பெயராக வந்தது. ஆறாம் சுற்றில் நம் கிளாஸ்மென் ஜார்ஜியாப் பையன் ஒருவனை எடுத்தார்கள். அதைக் கேட்டதும் இவன் எழுந்து ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினான், குறைக்கவில்லை. பன்னிரண்டாம் சுற்றும் முடிந்தது. நான் அடுப்படியில் நின்று, ஆண்டவரே ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டு, அதைச் சொன்னதற்காக அழுதேன்.

அன்று சாயங்காலம் ஐந்தரைக்குத் தொலைபேசி அடித்தது. நான் மாடியில் படுக்கையறையில் இருந்தேன். ஆர்விட்டின் அக்காவாக இருக்கும் என்று அங்கே இருக்கிற, அதே இணைப்பில் உள்ள இன்னொரு போனை எடுத்தேன். கீழே வெண்டலும் அதே நொடியில் எடுத்துவிட்டான். ஓர் ஆண்குரல். எந்த அணி என்று எழுத மாட்டேன், எழுதினால் உன் சுவரில் ஏறிவிடும். அவர் வெண்டலிடம், கடைசிச் சுற்று வரை உன் பெயர் எங்கள் கையில் இருந்தது, இடமில்லாமல் போய்விட்டது, ஜூலையில் பயிற்சி முகாமுக்கு வா, டிக்கெட் நாங்கள் அனுப்புகிறோம், தகுதி இருந்தால் அணியில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார். அண்ணா, நான் போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. தலையணையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டேன். நான் கத்தினால் அவன் போக மாட்டான், ஆனால் அம்மாதான் கெடுத்தாள் என்று சாகும்வரை சொல்வான். கத்தாமல் விட்டால் போய்விடுவான். ஒன்றும் புரியாமல் அப்படியே நின்றேன்.

உடம்பெல்லாம் எப்படி என்று அந்த ஆள் கேட்டார். வெண்டல் நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "சார், என் கழுத்துல ஒரு கோளாறு இருக்கு. படம் எடுத்திருக்காங்க. உங்க டாக்டருக்கு அனுப்பட்டுமா?" என்றான்.

அந்த ஆள் சிரித்தார். "நான் கேக்கல, நீயும் சொல்லல. வந்து ஆடு தம்பி."

"ஒரு இடியில மொத்தமும் போயிடும்னு சொல்றாங்க சார்."

"டாக்டருங்க எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வாங்க. வரியா, இல்லையா?"

"எனக்குப் பயமா இருக்கு சார்" என்றான் என் பிள்ளை. நடக்கப் பழகிய நாளிலிருந்து அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. பயந்தவனை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்ய என்று சொல்லிவிட்டு அந்த ஆள் வைத்துவிட்டார்.

கீழே அவன் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. நான் வைத்தால் 'டக்' என்ற சத்தம் அவனுக்குக் கேட்கும், இவ்வளவு நேரம் நான் கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்துவிடும். அவன் ஏன் வைக்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொரு தடவை கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறானோ என்று பயந்தேன். சும்மா இருந்த கம்பியில் கொஞ்ச நேரத்தில் 'ங்ங்' என்று ஓசை தொடங்கியது. மாடியில் நானும் கீழே அவனுமாக அந்த ஓசையையே கேட்டுக்கொண்டு நின்றோம்.

ஃபீலிக்ஸ் விஷயத்துக்கு நீ பதில் எழுத வேண்டாம் அண்ணா. இனிமேல் கேட்க மாட்டேன். ஆர்விட்டும் கேட்க வேண்டாம் என்றார். வெண்டல் உனக்கு எழுதுவானா என்று தெரியாது. கொஞ்ச நாள் ஆகும். உன் கடிதங்களைப் பிரிக்காமல் வைத்திருக்கிறான், ஆனால் கிழிக்கவில்லை. கோடையில் நீ வா. வந்து அவன் முன்னால் உட்கார். அவன் திட்டினால் வாங்கிக்கொள்.

அந்த ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது என்றேனே. என் மூச்சு அவனுக்குக் கேட்டதோ என்னவோ. கடைசியில் போனில்தான் சொன்னான், பக்கத்தில் நின்று பேசுவதுபோல மெதுவாக.

"அம்மா, நீ வை. நான் போகல."

உன் சுகத்துக்குச் செபிக்கும்,
லாட்டி